படத்தில் இல்லாத சுற்றுகள்

பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை அச்சு அசலாகச் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் தேடுவது அதன் சர்க்யூட் படத்தை. அது கிடைப்பது பெரிய பாடே இல்லை. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் கம்பெனி 1950களின் கடைசியில் செய்த 'பேஸ்மேன்' ஆம்ப்ளிஃபயரையே எடுத்துக்கொள்வோம். அந்த மாடலின் எண் 5எஃப்6-ஏ. 5 என்பது ஐம்பதுகள். எஃப் என்பது திருத்தத்தின் வரிசை. 6 என்பது மாடல். ஏ, அதற்கும் பிறகு வந்த சிறு மாற்றம். எண் தெரிந்தால் ஒரே தாளில் அடங்கும் படம் கைக்கு வந்துவிடும். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிலேயே இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் அலைந்தால் பாதிக்கு மேல் வாங்கிவிடலாம்.

அந்தத் தாளின் ஓரத்தில் உள்ள ஒரு குறிப்பைப் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். குறித்திருக்கும் வோல்டேஜ்கள் 20 சதவீதம் கூடலாம், குறையலாம் என்கிறது அது. படத்தில் 430 வோல்ட் என்றிருந்தால் 344 இருந்தாலும் சரி, 516 இருந்தாலும் சரி. அன்றைய கார்பன் ரெசிஸ்டர்களின் தரம் அப்படி. ஒரே வாரத்தில் ஒரே மேசையில் பூட்டிய இரண்டு பேஸ்மேன்கள்கூட ஒன்றுபோல ஒலித்திருக்க வேண்டியதில்லை. ஆக, 'அசல்' என்று நாம் தேடுவது ஒற்றைப் பொருளை அல்ல, ஒரு வரம்பை.

இதற்கு வரலாற்றிலேயே நல்ல சாட்சி உண்டு. லண்டன் ஹான்வெல் பகுதியில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து 1962-இல் பேஸ்மேன் சர்க்யூட்டைப் பின்பற்றி ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதுதான் ஜேடிஎம்45. படம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் முதல் வால்வு 12ஏஒய்7-க்குப் பதில் இசிசி83 ஆனது. முன்னதன் பெருக்கக் காரணி 44, பின்னதற்கு 100. ஸ்பீக்கரிலிருந்து ஃபீட்பேக் கொண்டுவரும் ரெசிஸ்டர் இரண்டிலும் 27 கிலோ ஓம்தான். ஆனால் ஃபெண்டர் அதை 2 ஓம் முனையில் எடுத்தது. தொடக்க கால மார்ஷல்களில் அது 16 ஓம் முனையில் இருந்தது. ஒரே பவருக்கு அங்கே வோல்டேஜ் ஏறத்தாழ 2.8 மடங்கு. ஃபீட்பேக் கூடினால் ஒலி ஒரு எல்லைவரை சுத்தமாக இருந்து, பிறகு சட்டென்று உடையும். ராக் இசை விரும்பியது அந்த உடைசலைத்தான்.

இவ்வளவும் படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளக்கூடியவை. படம் வாய் திறக்காத இடம் ட்ரான்ஸ்பார்மர். இரண்டு சுருள் (மின்சாரம் நுழையும் பிரைமரி, வெளியேறும் செகண்டரி), நடுவே சில கோடுகள், பக்கத்தில் 45249 என்று ஓர் எண், அவ்வளவுதான். எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்தத் தகடு என்று ஒரு சொல்லும் இல்லை. ஆம்ப்ளிஃபயரின் குணத்தில் பெரும்பங்கு இங்கேதான் முடிவாகிறது என்பது என் கணிப்பு.

ட்ரான்ஸ்பார்மர் வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ள நல்ல இடம் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட்டில் இரும்புக் கழிவை உருக்கும் இண்டக்‌ஷன் உலைகள் இருக்கின்றன. உலையைச் சுற்றித் தடித்த செம்புக் காயில். அதில் மாறுமின்சாரம் பாயும். உள்ளே கிடக்கும் இரும்பே ஒற்றைச் சுற்று செகண்டரி ஆகிவிடுகிறது. நெருப்பே இல்லாமல், இரும்புக்குள் எழும் சுழல் மின்னோட்டமே அதை உருக்குகிறது. 1831-இல் ஃபாரடே கண்ட தூண்டல் விதிதான் உலையிலும் வேலை செய்கிறது, கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும் வேலை செய்கிறது.

உலைக்கு வேண்டிய அந்தச் சுழல் மின்னோட்டமே ட்ரான்ஸ்பார்மருக்குப் பகை. அதனால்தான் சுருள்களுக்கு நடுவே நிற்கும் இரும்பை, அதாவது கோரை, ஒரே கட்டியாகச் செய்வதில்லை. அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான தகடுகளாக வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மின்சாரம் பாயாதபடி பூச்சிட்டு அடுக்குகிறார்கள். அந்த இரும்பில் 3 சதவீதம் அளவுக்குச் சிலிக்கான் சேர்ந்திருக்கும். அது மின்தடையை உயர்த்துகிறது. கம்பி சுற்றித் தரும் வைண்டிங் கடையில் பாபினில் காயில் சுற்றி முடித்ததும், ஆங்கில எழுத்துகளான இ, ஐ வடிவத் தகடுகளை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செருகுவதைப் பார்க்கலாம். கடைசித் தகடுகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் இறக்க வேண்டும். பிறகு வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். தகடு தளர்ந்திருந்தால் பிற்பாடு உறுமும்.

மின்சாரத்தை வாங்கித் தரும் பவர் ட்ரான்ஸ்பார்மரை நம்மூரில் செய்யும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. 12 சதுர சென்டிமீட்டர் கோரில், 1.2 டெஸ்லா காந்த அடர்த்திக்குக் கணக்குப் போட்டால், 230 வோல்ட் பிரைமரிக்கு 60 ஹெர்ட்ஸில் 600 சுற்று போதும். 50 ஹெர்ட்ஸில் 720 வேண்டும். அவர்களுடைய 'ஒரு வோல்ட்டுக்கு இத்தனை சுற்று' கணக்கை அப்படியே எடுத்தால் கோர் காந்தத்தில் நிறைந்து, சூடேறி, கடைசியில் கருகும்.

வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நிற்கும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் பாடு இன்னும் நுட்பம். பேஸ்மேனின் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும் சேர்ந்து 2 ஓம். வால்வுகளுக்கு வேண்டியதோ 4,000 ஓம் அளவிலான சுமை. விகிதம் 2,000, அதன் வர்க்கமூலம் சுமார் 45. அதாவது செகண்டரியின் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரைமரியில் 45 சுற்று. ஆனால் விகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. பிரைமரி முழுவதையும் முதலில் சுற்றி, அதன் மேல் செகண்டரியைச் சுற்றினால் இரண்டுக்கும் இடையே காந்தம் கசிந்து, ஒலியின் கூர்மை மழுங்கும். பிரைமரியில் கொஞ்சம், செகண்டரியில் கொஞ்சம் என்று அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். எத்தனை அடுக்கு என்பதிலும் ஒலி மாறும்.

வால்வுகளுக்கு இன்று சீனா, ரஷ்யா, ஸ்லோவாக்கியா ஆலைகளை நம்பியிருக்கிறோம். ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஃபிலிப்ஸ் ஒத்துழைப்போடு இதே இசிசி83-ஐச் செய்தது. கோயில் திருவிழாவில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட மைக் செட்டுகளின் வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் பேஸ்மேனுக்குப் பங்காளிகள்தான். அவற்றின் ட்ரான்ஸ்பார்மர் எரிந்தால் வைண்டிங் கடைக்குத்தான் வந்தது. அசல் விவரம் தெரிய ஒரே வழி, கருகிய காயிலைப் பிரித்து, சுற்றுகளை எண்ணி, கம்பியை அளந்து, அடுக்கின் வரிசையைக் குறித்துக்கொள்வது. சர்க்யூட் படம் சொல்லாமல் விட்டதை எழுதிவைத்தவர்கள் அந்த வைண்டிங் தொழிலாளர்கள்தான்.

செய்துபார்க்க இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்; ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள். அம்பத்தூரிலோ காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ வைண்டிங் தொழில் செய்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய எண்ணெய்க் கறை படிந்த நோட்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, எந்த வரி எந்த மெஷினுக்கு என்று அவரிடமே கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.