குர்பானி ஈரலில் ஒரு நீர்க்கொப்புளம்

பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் குர்பானிப் பிராணி அறுக்கப்படுகிறது. இறைச்சியைப் பங்கிட்டு, ஏழைகளுக்கும் உறவினர்க்கும் உரியதை அனுப்பி வைக்கிறோம். அவ்வேளையில் ஈரலையோ நுரையீரலையோ கையில் எடுத்தவர், அதன்மேல் எலுமிச்சம்பழம் போல வெண்ணிறக் கொப்புளம் ஒன்று புடைத்திருப்பதைச் சில சமயம் காண நேரிடும். "இது ஆகாது" என்று அதை அறுத்தெடுத்து, வாசலில் காத்து நிற்கும் தெருநாய்க்கு எறிந்து விடுகிறார். ஒரு வாயில்லா ஜீவனின் பசி தீர்ந்தது என்ற மனநிறைவு அவருக்கு.

வாசகர்களே! நல்லெண்ணத்துடன் செய்யப்படும் இச்செயல், நம் பிள்ளைகளின் ஈரலையே தாக்கும் ஒரு நோய்க்கு வழி திறந்து விடுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கொப்புளத்தினுள் இருப்பது என்ன?

அக்கொப்புளத்தை மருத்துவர்கள் 'ஹைடாடிட்' நீர்க்கட்டி என்பர். தெளிந்த நீர் நிறைந்த அதனுள் மணல் போன்ற நுண்துகள்கள் மிதக்கும். அவை ஒவ்வொன்றும் ஒரு நாடாப்புழுவின் தலை. 'எக்கினோகாக்கஸ்' எனப்படும் அப்புழு, நாயின் குடலில்தான் முழு வளர்ச்சி அடையும். நாய் அக்கட்டியைப் பச்சையாகத் தின்ற சுமார் ஆறு வாரங்களில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நூற்றுக்கணக்கான புழுக்கள் அதன் குடலில் ஒட்டி வளர்ந்து முட்டையிடத் தொடங்குகின்றன. நாயோ நோயின் அறிகுறி ஏதுமின்றித் துள்ளித் திரியும்.

கண்ணுக்குத் தெரியாத அம்முட்டைகள் நாயின் மலத்துடன் வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. நாயின் உரோமத்திலும் ஒட்டிக் கொள்கின்றன. ஈரமான குளிர்ந்த மண்ணில் பல மாதங்கள் அவை உயிருடன் இருக்கும். அப்புல்லை மேயும் ஆடு மாடுகளின் உடலில் மீண்டும் கட்டி தோன்றுகிறது. நாயைத் தடவிய கையுடன் உண்ணும் குழந்தையின் வயிற்றுக்குள்ளும், கழுவாத கீரை வழியாகப் பெரியவர்களின் வயிற்றுக்குள்ளும் அதே முட்டைகள் சென்று விடுகின்றன.

இங்கே ஓர் ஐயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கட்டியுள்ள ஆட்டின் இறைச்சியை உண்பதால் இந்நோய் மனிதனைப் பற்றுவதில்லை. நாயின் மலத்திலிருந்து வரும் முட்டையே மனிதனைத் தாக்குகிறது. ஆகவே ஆட்டிறைச்சியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கழிவை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எச்சரிக்கை தேவை.

ஓசையின்றி வளரும் நோய்

மனித உடலில் இக்கட்டி பெரும்பாலும் ஈரலிலும், அடுத்தபடியாக நுரையீரலிலும் உருவாகிறது. பல ஆண்டுகள் வலியின்றி மெல்ல வளரும். சிறு வயதில் உட்சென்ற முட்டையின் விளைவு, நடுத்தர வயதில் வயிற்று வலியாகவோ மூச்சுத் திணறலாகவோ வெளிப்படலாம். வேறு காரணத்திற்காக ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிய வருவதும் உண்டு. கட்டி உடைந்து விட்டால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். கட்டியின் நிலையைப் பொறுத்து, அறுவை சிகிச்சை செய்தோ, ஊசி மூலம் நீரை உறிஞ்சியோ, அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தோ மருத்துவர்கள் குணப்படுத்துகின்றனர்.

ஐஸ்லாந்து கற்ற பாடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடுகளும் நாய்களும் மிகுந்த ஐஸ்லாந்துத் தீவில் இந்நோய் பெரும் கொடுமையாக இருந்தது. 1863இல் டென்மார்க்கிலிருந்து அங்கே சென்ற ஹரால்ட் கிராபே என்ற அறிஞர் 100 நாய்களை அறுத்துச் சோதித்தார். 28 நாய்களின் குடலில் இப்புழு இருந்தது. அடுத்த ஆண்டே இந்நோயை விளக்கும் சிறு நூல் ஒன்று அந்நாட்டு மொழியில் அச்சாகி வீடுகளுக்கு வழங்கப்பட்டது. ஆட்டின் நோயுற்ற உறுப்புகளை நாய்க்குப் போடும் வழக்கத்தை மக்கள் கைவிட்டனர். 1869இல் சட்டமும் வந்தது. இன்றுள்ள மருந்துகள் எவையும் இல்லாத அக்காலத்தில் தொடங்கிய அம்முயற்சியால், இருபதாம் நூற்றாண்டில் அந்நோய் அத்தீவை விட்டே அகன்றது. மக்கள் படித்தனர், படித்தபடி நடந்தனர். வெற்றிக்கு அதுவே அடித்தளம்.

நாம் செய்ய வேண்டியவை

கட்டியுள்ள ஈரலையும் நுரையீரலையும் வீட்டில் கிழித்துப் பார்க்க வேண்டாம். நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்து விடுங்கள். அல்லது எரித்து விடுங்கள். நாய்க்கு உணவிட விரும்பினால், நல்ல உறுப்புகளையும் அரை மணி நேரம் கொதிக்க வைத்த பின்னரே போடுங்கள். மஹல்லா தோறும் பெருநாளுக்கு முன்னரே குழி வெட்டி வைப்பது, ஊருக்கே செய்யும் உபகாரமாகும்.

காவலுக்கு நாய் வளர்ப்போர், கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி 'பிராசிகுவாண்டல்' என்னும் புழு மருந்தைத் தவறாமல் கொடுக்க வேண்டும். கீரை, காய்களை நன்கு கழுவுங்கள். மண்ணில் விளையாடிய பிள்ளைகளைச் சோப்பிட்டுக் கை கழுவச் செய்யுங்கள். வெறுங்காலுடன் அலைய விடாதீர்கள். நாயின் கொக்கிப்புழுக் குஞ்சுகள் மணலிலிருந்து தோலைத் துளைத்து உட்புகுந்து, நெளிநெளியான அரிப்புத் தடங்களை உண்டாக்கும். வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரையும் அகற்றுங்கள். 'டைரோஃபிலேரியா' என்னும் நாய்ப்புழுவைக் கொசு மனிதனுக்குக் கொண்டு சேர்த்து, தோலுக்கடியிலும் கண்ணிலும் கட்டி உண்டாக்குவது கேரளத்திலும் இலங்கையிலும் கண்டறியப்பட்டுள்ளது.

இதைப் படித்து விட்டு நாயைக் கல்லால் அடித்து விரட்ட வேண்டாம். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்ற நபிமொழியை அறிந்தவர்கள் நாம். அந்த நாய்க்குப் புழுவை ஊட்டியது நாம் எறிந்த துண்டுதான். வரும் பெருநாளில் அத்துண்டு வாசலுக்குப் போகாமல் மண்ணுக்குள் போகட்டும். நாயும் நலம் பெறும். நம் பிள்ளைகளும் நலம் பெறுவர்.