‘முன்வருமா?’ என்பதும் ‘எத்தனை?’ என்பதும்

இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவு



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பெயரை நம் மேடைகளில் சொல்லும்போது, லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் சென்று அமர்ந்தவர் என்று சொல்கிறோம். அது பெருமைதான். ஆனால் லண்டனுக்குப் போவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1923இல், அவர் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராகிவிட்டார். அங்கே அவர் செய்த வேலை இன்று நமக்கு மிகவும் பயன்படக்கூடியது. சட்டசபையில் கேள்வி கேட்பது எப்படி, அந்தக் கேள்வி அரசை எப்படிப் பதில் சொல்ல வைக்கிறது, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிற நமக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

இரட்டை ஆட்சிக் காலத்துச் சட்டசபையில் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் எல்லாருமே ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். ஓட்டெடுப்பில் யாரையும் தோற்கடிக்கிற பலம் அவர்களுக்குக் கிடையாது. அவர்கள் கையில் இருந்தவை இரண்டு: தீர்மானம், கேள்வி. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுதும் ஆணை 1922இல் வந்ததற்கு எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானம் காரணம். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் நம் மக்களுக்குத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924 ஆகஸ்டில் கொண்டுவந்தவர் சீனிவாசன். அதை அரசு ஏற்று, அடுத்த மாதமே ஆணையாக வெளியிட்டது.

ஆணை வந்ததால் ஊர் மாறிவிடவில்லை. சாலையும் கிணறும் பழையபடியே மறிக்கப்பட்டன. அந்த மறிப்பையெல்லாம் சட்டசபையில் கேள்வியாக்கியவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆர். வீரையன். தீர்மானம் உரிமையைச் சொன்னது. அந்த உரிமை தெருவரைக்கும் வந்து சேர்ந்ததா என்று அரசையே பார்த்துச் சொல்ல வைக்கும் வேலையைக் கேள்வி செய்தது.

கேள்வி என்ன வேலை செய்கிறது?

திங்கள்கிழமை தோறும் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனு கொடுக்கிறோம், ரசீது வாங்குகிறோம். மனு ஆட்சியரிடமிருந்து வட்டாட்சியருக்குப் போகிறது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதிலோடு பல மனுக்கள் முடிந்துபோகின்றன.

சட்டமன்றக் கேள்வி வேறு வழியில் வருகிறது. உறுப்பினர் எழுதிக் கொடுக்கும் கேள்வியைப் பேரவைத் தலைவர் அனுமதித்தால், அது பேரவைச் செயலகத்திலிருந்து துறைச் செயலருக்கும், அங்கிருந்து துறைத் தலைமைக்கும், ஆட்சியருக்கும், கடைசியில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருக்கும் வட்டாட்சியர், காவல் துணைக் கண்காணிப்பாளர், நகராட்சி ஆணையர் மேசைக்கும் வந்து சேரும். கீழிருந்து எழுதி அனுப்பும் தகவல் அமைச்சரின் பதிலாகி அவைக் குறிப்பில் அச்சேறும். அமைச்சர் தெரிந்தே பொய் சொன்னார் என்று தெரியவந்தால் அது அவையின் உரிமை மீறல் பிரச்சினை. மனுவுக்குத் தரும் பதிலுக்கு அந்த ஆபத்து இல்லை. அதனால்தான் சட்டமன்றக் கேள்வி என்றதும் அலுவலகங்களில் கோப்பு வேகமாக நகர்கிறது.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். அதற்குத் துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். தொலைக்காட்சியில் வருவது முதல் வகை. எண்ணிக்கையும் பட்டியலும் வேண்டுமென்றால் நமக்கு இரண்டாவது வகையே அதிகம் உதவும்.

எல்லாக் கேள்வியும் ஒரே பலன் தருவதில்லை. நம் சட்டமன்றத்தில் அதிகம் காதில் விழுவது ‘அரசு முன்வருமா?’ என்று முடியும் கேள்வி. ‘பாலம் அமைக்க அரசு முன்வருமா?’ ‘விடுதிக் கட்டடம் கட்ட அரசு முன்வருமா?’ இதற்கு ‘நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அதில் பொய்யும் இல்லை, பொறுப்பும் இல்லை. இதையே ‘எத்தனை விடுதிகள் வாடகைக் கட்டடத்தில் இயங்குகின்றன? எந்த ஆண்டிலிருந்து? ஒதுக்கிய நிதி எவ்வளவு, செலவானது எவ்வளவு?’ என்று கேட்டால் நழுவ முடியாது. முன்வருமா என்பது வேண்டுகோள். எத்தனை என்பது கணக்குக் கேட்பது.

ஒரு சொல்லில் மறைந்த மரணங்கள்

கேள்வியின் ஒரு சொல் பதிலை எப்படி மாற்றிவிடுகிறது என்பதற்கு நம் மக்கள் உயிர் சம்பந்தப்பட்ட சான்றே இருக்கிறது. 2021 ஜூலையில் மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கே உள்ளிட்டோர் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதால் நேர்ந்த மரணங்கள் பற்றிக் கேட்டபோது, அப்படிப்பட்ட மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று ஒன்றிய அரசு சொன்னது. அதே கூட்டத்தொடரில் வந்த இன்னொரு பதில், சாக்கடைக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி 1993 முதல் 941 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது. அரசின் மாநிலவாரிக் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் 213 பேர். நாட்டிலேயே அதிகம் இங்கேதான்.

இரண்டு பதிலையும் சொன்னது ஒரே அரசு. உலர் கழிப்பிடத்தில் மலம் அள்ளுவது ஒரு வகை, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையில் இறங்குவது வேறு வகை என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையை வைத்துப் பிரிக்கிறார்கள். செத்தவர் குடும்பத்துக்கு அந்தப் பிரிவினையால் என்ன ஆகப்போகிறது? ஆனால் அரசுக்கு ஆகிறது: முதல் சொல்லில் கேட்டால் பதில் பூஜ்யம், இரண்டாவது சொல்லில் கேட்டால் 941. வேலை செய்பவர் எந்தக் குழியில் இறங்குகிறார், அதிகாரி அதை ஏட்டில் என்ன பெயரில் எழுதுகிறார் என்று தெரிந்தவர்தான் இந்தச் சொல்லைச் சரியாகத் தர முடியும். அது தெரிந்திருப்பது சேரியில் வாழ்கிற நமக்கு.

தனித்தொகுதி உறுப்பினரும் கட்சிக் கொறடாவும்

2008 தொகுதி மறுவரையறைக்கு முன்பு ராஜபாளையம் தனித்தொகுதி. 2011 தேர்தலிலிருந்து ராஜபாளையம் பொதுத்தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இரண்டும் அடங்கியுள்ள தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. ஆக, நம் ஊர்ப் பெயரைச் சொல்லி அவைக்குப் போகிற தலித் உறுப்பினர் எப்போதும் இருக்கிறார். பிறகு ஏன் நம் கேள்விகள் அங்கே குறைவாகவே கேட்கின்றன?

இதற்கான விடையின் பெரும்பகுதி 1932இல் இருக்கிறது. தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்து, எல்லாரும் ஓட்டுப் போடும் தனித்தொகுதியை ஏற்க வைத்தது பூனா ஒப்பந்தம். அதன்படி சென்னை மாகாணத்துக்கு 30 இடம் கிடைத்தது. அப்படி வெல்லும் உறுப்பினர் மற்ற சாதியாரின் ஓட்டையும் நம்பியிருக்கிறார். கட்சியின் சீட்டையும் நம்பியிருக்கிறார். சாதிக் கொடுமை பற்றி வாய் திறந்தால் இரண்டுமே போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் முன்கூட்டியே எச்சரித்தது இதைத்தான்.

ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கட்சித் தாவல் தடைச் சட்டம் ஓட்டெடுப்பில்தான் உறுப்பினரின் கையைக் கட்டுகிறது. கொறடா சொன்னபடி ஓட்டுப் போடாவிட்டால் பதவி போகலாம். கேள்வி கேட்டதற்காக அந்தச் சட்டப்படி யாருடைய பதவியும் போகாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் கொட்டப்பட்டதை 1957இல் மக்களவையில் கேள்வியாக எழுப்பிய ராம் சுபக் சிங்கும், அதைத் தொடர்ந்து துருவிய பெரோஸ் காந்தியும் ஆளும் காங்கிரஸ்காரர்களே. முதல் பதில் மழுப்பலாக வந்தது. விடாமல் மறுபடி கேட்டார்கள். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நம் ஊர் வரலாற்றிலும் நினைவில் வைக்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. 1949 முதல் 1952 வரை முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் பதில் சொல்ல எழுந்த அவையில் சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, நம்மவர். கேட்கும் இடம் நமக்கு அந்நியமானதல்ல.

அறுக்கப்பட்ட பாலம்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபோது, உறுப்பினர் கேட்காவிட்டாலும் நாமே கேட்கலாம் என்ற நிலை வந்தது. அதன் 8(1)(ஒ) என்று தமிழில் வழங்கும் தனிநபர் தகவல் பிரிவில் ஒரு வரி இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்பது அதன் பொருள். கூலிக்காரப் பெண்ணையும் சட்டமன்ற உறுப்பினரையும் ஒரே தட்டில் வைத்த வரி அது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வரியை நீக்கிவிட்டது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இனி ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரு காரணம் சொல்லி மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்று மேல்முறையீட்டில் வாதாட 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் வாதாடும் சுமை நம் தலையில் விழுந்துவிட்டது.

நமக்கு இதில் என்ன நஷ்டம்? 1892இல் வெள்ளையர் அரசு நம் மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் இன்று யார் பெயரில் பட்டாவாகியிருக்கிறது என்று கேட்டால், பெயர் தனிநபர் தகவல். வீட்டுமனைப் பட்டா யாருக்குக் கொடுத்தீர்கள் என்றால், பட்டியல் தனிநபர் தகவல். கடமை தவறிய அதிகாரி மேல் என்ன நடவடிக்கை என்றால், அதுவும் தனிநபர் தகவல். கணக்கு கேட்பதென்றால் கடைசியில் ஒரு பெயரில்தான் போய் நிற்கும். அந்தப் பெயரை மறைக்க இப்போது சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நமக்கு மறுக்கக்கூடிய அந்தத் தகவலை அவையில் கேட்டு வாங்கும் வழி உறுப்பினருக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே அவருடைய கேள்வி முன்பைவிட நமக்கு அவசியமாகிவிட்டது.

நாம் எழுதித் தர வேண்டிய கேள்விகள்

உறுப்பினரைக் குறை சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. கேள்வியை நாமே எழுதி அவர் கையில் தருவோம். விதிகள் எளியவை. ஒரு கேள்வியில் ஒரு விஷயம் இருக்க வேண்டும். வாதமோ வசையோ கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதைத் தொடக் கூடாது. மாநில அரசின் பொறுப்பில் உள்ளதாக இருக்க வேண்டும். இடம், காலம், அலகு மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதில் அங்கத்தினர்கள். கேள்வி இப்படி அமையலாம்: விருதுநகர் மாவட்டத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் இக்குழு கூடிய தேதிகள் எவை? பதிவான வழக்குகளில் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை? தீருதவித் தொகை உரிய காலத்தில் தரப்படாதவை எத்தனை? இதில் சாதிச் சண்டை இல்லை, யார் ஓட்டும் போகாது. சட்டம் சொன்னபடி நடந்ததா என்பது மட்டுமே கேள்வி.

இதே முறையில் இரண்டு நகராட்சிகளிலும் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு வைப்புநிதி கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்கலாம். செண்பகத்தோப்புப் பளியர் குடும்பங்கள் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் கொடுத்த மனுக்கள் எத்தனை, ஏற்கப்பட்டவை எத்தனை என்று கேட்கலாம்.

பதில் வந்ததும் வேலை முடிவதில்லை. ‘ஆவன செய்யப்படும்’ என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது உறுதிமொழி. அதைப் பின்தொடரவே சட்டமன்றத்தில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பதிலை நகலெடுத்து ஊருக்குக் கொண்டுவந்து, ஏட்டில் சொன்னதும் தெருவில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றில்லையென்றால் அதுவே அடுத்த கேள்வி.

ஊராட்சியில் இதற்கான இடம் கிராம சபை. ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. நம் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலில் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டதற்காகவே 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் நடத்த விடவில்லை என்பதை நாம் மறக்கவில்லை. நாற்காலியில் நாம் அமர்வதற்கு அத்தனை எதிர்ப்பு ஏன் வந்தது? அங்கே அமர்பவர் கணக்குக் கேட்பார் என்பதும் அந்த எதிர்ப்புக்கு ஒரு காரணம்.

அரசு முத்திரையில் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் என்று நம் ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த முத்திரை பதித்த தாளில் நம் கேள்விக்கான பதில் வரட்டும். இந்த அரங்கத்தின் சார்பில் அடுத்த கூட்டத்தொடருக்கு முன் பத்துக் கேள்விகளை எழுதி, இரு தொகுதி உறுப்பினர்களிடமும் நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்குவோம். கேட்டார்களா, கேட்கவில்லையா என்பதை அடுத்த ஆண்டு இதே நாளில் அச்சிட்டு ஊருக்குச் சொல்வோம். தாத்தா ஓட்டுப் பலமில்லாத அவையில் செய்ததை, ஓட்டுள்ள நாம் செய்ய முடியும்.

ஜெய்பீம்.