மூன்று உயிர்களும் ஒரு கட்டுப்பாட்டுக் கோலும்

கொட்டகலைக்குப் பக்கத்தில், தலவாக்கலையில் ஆற்றை மறித்துக் கட்டிய மேல் கொத்மலைத் திட்டத்தின் மின்திறன் 150 மெகாவாட். அமெரிக்காவின் ஐடஹோ பாலைநிலத்தில் இருந்த எஸ்.எல்.-1 அணு உலை தந்ததோ வெறும் 200 கிலோவாட் மின்சாரம். வடதுருவப் பனிவெளியில் உள்ள ராடார் நிலையங்களுக்கு மின்சாரமும் வெப்பமும் கொடுக்க அமெரிக்க இராணுவம் பரீட்சார்த்தமாக நடத்திய சின்னஞ்சிறு உலை அது. 1961 ஜனவரி 3, இரவு 9.01க்கு அது மூன்று பேரைப் பலிகொண்டது.

ஜோன் பர்ன்ஸ், ரிச்சர்ட் மெக்கின்லி, ரிச்சர்ட் லெக். மூவருமே இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

விடுமுறைக்காக டிசம்பர் 23 அன்று நிறுத்திய உலையை மறுபடி இயக்க ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. கழற்றிய கட்டுப்பாட்டுக் கோல்களை அவற்றின் பொறியோடு பொருத்துவதே அன்றைய வேலை. நடுக்கோலைக் கையால் 4 அங்குலம் தூக்கினால் போதும். அது ஏறக்குறைய 20 அங்குலம் மேலே வந்துவிட்டது. நியூத்திரன்களை விழுங்கி உலையை அடக்கி வைப்பது அந்தக் கோல்தான். அது விலகியதும், 3 மெகாவாட் வெப்பத்துக்கென வடிவமைத்த உலை கண்ணிமைக்கும் நேரத்திற்குள் 20,000 மெகாவாட் அளவை எட்டியது. எரிபொருள் உருகியது. சீறி எழுந்த நீர் கலத்தின் மூடியில் சம்மட்டியாக மோதியது. பத்துத் தொன்னுக்கு மேல் எடையுள்ள அந்தக் கலம் 9 அடி உயரம் எழும்பி, மறுபடி தன் இடத்திலேயே விழுந்தது.

அபாயமணி அன்று ஏற்கெனவே இரண்டு தரம் பொய்யாக ஒலித்திருந்தது. ஆனாலும் தீயணைப்புப் படையினர் விரைந்து வந்தார்கள். கதிர்வீச்சுமானியின் முள் எல்லையைத் தாண்டி நின்றது. உள்ளே ஒருவருக்கு மூச்சு இருப்பதைக் கண்டதும், மீட்கச் சென்ற உலைப் பணியாளர்கள் தங்கள் உடல் என்னவாகும் என்று பாராமல் ஓடிப்போய்த் தூக்கிவந்தார்கள். அவரும் அன்றிரவே இறந்தார். உடல்களை ஈயம் வேய்ந்த பெட்டிகளில் அடக்கம் செய்ய வேண்டியிருந்தது.

அதன்பின் பரவிய கதைகள்தாம் மனதை அதிகம் உறுத்துகின்றன. மூவரில் ஒருவர் வேண்டுமென்றே கோலை இழுத்தார் என்றார்கள்; குடும்பத் தகராறு என்றார்கள், தற்கொலை என்றார்கள். எதற்கும் ஆதாரம் கிடையாது. கோல்கள் அடிக்கடி சிக்கிக்கொள்வது விபத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. உலைக்குள் நியூத்திரன்களை விழுங்க வைத்திருந்த போரன் தகடுகள் சிதைந்து போயிருந்ததும் தெரியும். அப்படியிருந்தும் வேலை நிற்கவில்லை. ஒரே ஒரு கோலை இழுத்தாலே கட்டுமீறும் உலையை வடிவமைத்துக் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, வாய் திறக்க முடியாத தொழிலாளர் மீது பழியைப் போடுவது பெரிய அநீதி. தோட்டத்துத் தொழிற்சாலையில் யந்திரத்தோடு மல்லுக்கட்டும் மலையக மக்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

எந்த ஒரு கோல் முழுவதுமாக வெளியே வந்தாலும் உலை அடங்கியே இருக்க வேண்டும் என்ற வடிவமைப்பு விதியை அமெரிக்கா இந்த விபத்துக்குப் பிறகுதான் வலியுறுத்தத் தொடங்கியது.