புதிய ரகம் ஒவ்வாமை தருமா? கம்ப்யூட்டரில் முதல் சோதனை

கல்வராயன் மலையில் விளையும் சாமையையும் தினையையும் மக்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வருகின்றனர். அவை உடம்புக்கு ஒத்துக்கொள்வது அனுபவத்தில் கண்டது. ஆனால் மரபணு மாற்றிய பயிரில், அதுவரை அதில் இல்லாத புரதம் சேர்கிறது. அதனால் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல் வருமா என்று சாகுபடிக்கு வருமுன்பே அறிய வேண்டும். இதன் முதல் சோதனை கம்ப்யூட்டரில் நடக்கிறது.

ஒப்பிடும் முறை

புரதம் என்பது 20 வகை அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை போன்றது. ஒவ்வாமை தரும் புரதங்களின் மணி வரிசைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பட்டியலில் 2,000-க்கு மேற்பட்ட வரிசைகள் உள்ளன. கள்ளக்குறிச்சி விவசாயிகள் பயிரிடும் நிலக்கடலையின் புரதங்களும் அதில் உண்டு.

புதிய புரதத்தை 80 மணிகள் கொண்ட துண்டுகளாக எடுத்துப் பட்டியலுடன் ஒப்பிடுவர். ஒரு துண்டில் 35 சதவீதத்துக்கு மேல், அதாவது 28 மணிகளுக்கு மேல் ஒத்திருந்தால் அது சந்தேகத்துக்கு உரியது. 2003-ல் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வகுத்த அளவு இது.

சோயா தந்த பாடம்

தீவனச் சத்தைக் கூட்டுவதற்காகப் பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்று அமெரிக்காவில் சோயாவில் சேர்க்கப்பட்டது. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தைக் கொண்டு சோதித்தபோது, ஒவ்வாமையும் கூடவே சோயாவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. இம்முடிவு 1996-ல் வெளியாயிற்று. அந்தச் சோயா விற்பனைக்கு வரவில்லை.

பி.டி. கத்தரி

காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. கத்தரியை, பாலூர்-1 உள்ளிட்ட ரகங்களில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கியது. அதிலுள்ள பி.டி. புரதம், பட்டியலில் உள்ள எதனுடனும் ஒத்துப்போகவில்லை. எனினும் நீண்டகாலச் சோதனைகள் போதாது என்பது உள்ளிட்ட காரணங்களால் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது.

கம்ப்யூட்டர் ஒரு சல்லடை மட்டுமே. பட்டியலில் இல்லாத புதுவகை ஒவ்வாமையை அது காட்டாது. ஆகவே இரைப்பைச் சாற்றில் புரதம் செரிக்கிறதா என்றும் பார்க்கின்றனர். சந்தேகம் எழுந்தால் ரத்தச் சோதனையும் தேவை.

விவசாயிகள் கவனத்திற்கு

எந்த உணவையேனும் உண்டபின் உதடு வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என்ன உண்டார் என்பதை டாக்டரிடம் தவறாமல் கூற வேண்டும். இத்தகைய நோயாளிகளிடமிருந்து கிடைத்த தகவல்களே அந்தப் பட்டியலுக்கு அடிப்படை.