எழும் வல்லரசும் ஏடுகளின் பார்வையும்

ஒரு நாடு வல்லரசாக உயரும்போது, அதனைப் பற்றிய செய்தி எல்லா நாட்டு ஏடுகளிலும் ஒரே வடிவில் வருவதில்லை. நிகழ்வு ஒன்றேயாயினும், அதற்குக் கற்பிக்கப்படும் பொருள் ஏடு வெளியாகும் மண்ணுக்கேற்ப மாறுகின்றது. இன்று சீனாவைப் பற்றி நாம் வாசிப்பவற்றை எடைபோட, ஒரு நூற்றாண்டுக்கு முன் ஜப்பானைப் பற்றி உலக ஏடுகள் எழுதியவை நல்லதோர் அளவுகோலாகும்.

1904 பிப்ரவரியில் ரஷ்யாவுடன் போரில் இறங்கிய ஜப்பான், 1905 மே 27, 28 ஆகிய நாட்களில் சுஷிமா கடற்போரில் ரஷ்யக் கடற்படையை முறியடித்தது. கெய்ரோவுக்கும் சென்னைக்கும் இச்செய்திகளைச் சுமந்து வந்தவை பெரும்பாலும் ஐரோப்பியச் செய்தி நிறுவனங்களின் தந்திகளே. ஆயினும் தந்தி சொன்னதற்கு அப்பால், ஒவ்வோர் ஊரும் தன் கவலையையும் கனவையும் அதில் கண்டது.

பிரிட்டன் 1902இலேயே ஜப்பானுடன் உடன்படிக்கை செய்திருந்தது. ஆகவே லண்டன் ஏடுகளுக்கு ஜப்பான் வீரமிக்க நட்பு நாடாயிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ, ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ 1905 பிப்ரவரியில் ஜப்பானியக் குடியேற்றத்தைப் பேராபத்தாகச் சித்திரிக்கும் தொடரைத் தொடங்கியது.

ஆங்கிலேய ஆதிக்கத்திலிருந்த எகிப்தில், ‘அல்லிவா’ நாளிதழை நடத்திய முஸ்தஃபா காமில், ஜப்பானின் எழுச்சியைப் போற்றி ‘அஷ்ஷம்ஸுல் முஷ்ரிகா’ என்னும் நூலை 1904இல் வெளியிட்டார். கவிஞர் ஹாபிழ் இப்ராஹீம் ஜப்பானிய நங்கையொருத்தியைப் புகழ்ந்து பாடினார். சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ இதழில் பாரதியார் உதவியாசிரியராகச் சேர்ந்ததும் அவ்வாண்டிலேயே. சுதேசி எண்ணம் கொண்ட இந்திய ஏடுகள் பலவும் ஜப்பானின் வெற்றியை ஆசியாவின் வெற்றியாகவே கொண்டாடின. அடிமைப்பட்ட மக்களுக்கு அது இயல்பான மகிழ்ச்சியே.

ஆனால் ஜப்பானுக்கு மிக அண்மையிலிருந்த கொரியா கண்டது வேறு. 1905 நவம்பர் 17இல் ஜப்பான் அந்நாட்டைத் தன் பாதுகாப்பின்கீழ் கொண்டுவரும் உடன்படிக்கையைத் திணித்தது. மூன்று நாட்களுக்குப்பின் ‘ஹ்வாங்சொங் சின்முன்’ இதழில் சாங் ஜி-யோன் அதனைக் கண்டித்துத் தலையங்கம் எழுதினார். இதழ் நிறுத்தப்பட்டது, அவரும் கைதானார். 1910இல் கொரியா முற்றாக இணைத்துக்கொள்ளப்பட்டது. ஜப்பானுக்குள்ளேயே போரை எதிர்த்த ‘ஹெய்மின் ஷிம்புன்’ வார இதழும் 1905 ஜனவரியில் நின்றுபோயிருந்தது. கெய்ரோவும் சென்னையும் விடுதலையின் விடியலாகக் கண்டது, சியோலில் இன்னோர் ஆதிக்கத்தின் தொடக்கமாக இருந்தது.

இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்திற்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டபோது, மேற்கத்திய, இந்திய ஏடுகள் பல அதனைக் ‘கடன்பொறி’ என்றன. சீன ஏடுகள் வளர்ச்சிக்கான கூட்டுறவு என்றன. இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் பெரும்பங்கு பன்னாட்டுச் சந்தையில் விற்ற பத்திரங்களால் ஆனது என்பதை முதல் தரப்பும், நிலம் பறிபோகும் என அஞ்சி 2017 ஜனவரியில் போராடிய உள்ளூர் மக்களை இரண்டாம் தரப்பும் போதிய அளவு பேசவில்லை.

ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த முறை இங்குப் பயன்படும். ‘மத்ன்’ எனும் வாசகத்தை மட்டுமன்றி, ‘இஸ்னாத்’ எனும் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்தல் வேண்டும். திருவண்ணாமலையில் காலை நாளேட்டை விரிப்பவரும், இதைச் சொல்பவர் எங்கு நின்று சொல்கிறார், அவ்வல்லரசின் நிழல் நேரடியாக விழும் மண்ணின் குரல் இதில் உண்டா என்று கேட்டல் தகும். அக்குரல் இல்லாத செய்தி, புகழாயினும் பழியாயினும், முழுமை பெறாததே.