இறக்கை போன தெரு

தெற்கு பிரான்ஸில், துலூஸ் நகரத்துக்கு மேற்கே, லெவின்யாக் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கு நடுவே போகும் தெரு, நம் ஊர் சன்னதித் தெரு அளவுக்குத்தான் அகலம். இருபுறமும் மரக்கதவு போட்ட சன்னல்கள். 2004-ஆம் ஆண்டு முதல் 2020 வரை, சில குறிப்பிட்ட இரவுகளில் அந்தத் தெருக்காரர்கள் தூங்கியதில்லை. முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் வரும். பின்னால் எண்ணி முடியாத சக்கரங்களோடு ஒரு நீண்ட டிரெய்லர், ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வரும். அதன் மேலே ஒரு விமானத்தின் இறக்கை. அடுத்த வண்டியில் இன்னொரு இறக்கை. பிறகு வீட்டுக் கூரையைத் தாண்டி உயர்ந்து நிற்கும் உடற்பகுதிகள் மூன்று. கடைசியாக வால். மொத்தம் ஆறு வண்டிகள். வண்டிக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். மாடிச் சன்னலில் நிற்பவர் கையை நீட்டினால் விமானத்தைத் தொட்டுவிடலாம். திருவிழாவில் தேர் தெருமுனை திரும்பும்போது, முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்து நிற்குமே, அந்த அமைதி.

ஏர்பஸ் ஏ380 என்ற இரண்டு மாடி விமானத்தை உலகம் எப்படி வரவேற்றது என்று எழுத உட்கார்ந்தால், எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அறிமுக விழாவின் விளக்குகள்தான். எனக்கு இந்தத் தெருதான் நினைவுக்கு வருகிறது. இந்த விமானத்தின் கதையே வழிவிட்டவர்கள், வழிவிட மறுத்தவர்கள் கதைதான்.

விழாவையும் சொல்லிவிடுகிறேன். 2005 ஜனவரி 18, துலூஸ். ஏறக்குறைய ஐயாயிரம் விருந்தினர்கள். பிரான்ஸ் அதிபர் ஷிராக், பிரிட்டன் பிரதமர் டோனி பிளேர், ஜெர்மனியின் ஷ்ரோடர், ஸ்பெயினின் ஸபதேரோ என நான்கு நாட்டுத் தலைவர்கள் ஒரே மேடையில் நின்றார்கள். இறக்கை பிரிட்டனின் வேல்ஸில் செய்தது, உடலின் பெரும்பகுதி ஜெர்மனியில், வால் ஸ்பெயினில், பூட்டியது பிரான்ஸில். ஆளுக்கொரு பங்கு இருந்ததால் ஆளுக்கொரு பெருமிதம். இரண்டு வருடங்களுக்கு முன், ஈராக் போரை ஒட்டி, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் ஜெர்மனியையும் பிரான்ஸையும் ‘பழைய ஐரோப்பா’ என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் இன்னும் ஆறாத புண்ணாக இருந்தது. அன்று மேடையில் ஷ்ரோடர் அதே சொல்லை எடுத்து, அந்த நல்ல பழைய ஐரோப்பாதான் இதைச் சாதித்தது என்ற பொருள்படப் பேசினார். ஒரு விமானத்தின் அறிமுகத்தில் இவ்வளவு அரசியல் இருந்ததற்குக் காரணம் உண்டு. 35 வருடங்களாக உலகின் மிகப் பெரிய பயணி விமானம் என்றால் அது அமெரிக்காவின் போயிங் நிறுவனம் செய்த ஜம்போதான்.

மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 27 அன்று வந்த கூட்டம் வேறு மாதிரியானது. அழைப்பிதழ் கிடையாது. முதல் பறப்பைப் பார்க்க பல்லாயிரம் பேர் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த வயல்களிலும் சாலையோரங்களிலும் திரண்டார்கள். முந்தின இரவே வந்து படுத்தவர்களும் உண்டு. இதே ஊரில், 1969 மார்ச் மாதம், கான்கார்ட் முதல்முறை எழும்பியதைப் பார்த்த தலைமுறை இப்போது பேரப்பிள்ளைகளோடு வந்தது.

காலை 10.29. விமானத்துக்குள் ஆறு பேர் மட்டும். ஆரஞ்சு நிற உடை, முதுகில் பாராசூட். ஓட்டியவர்கள் ஷாக் ரொசே, க்ளோட் லெலே. எடை 421 டன். அதுவரை எந்தப் பயணி விமானமும் அவ்வளவு கனத்தோடு தரையை விட்டு எழுந்ததில்லை. பெரும் இரைச்சலை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு ஆச்சரியம், அது சத்தமில்லாமல் மேலே போனதுதான். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் இரவு நேர ஒலிக் கட்டுப்பாட்டை மனத்தில் வைத்தே இதன் எஞ்சின்களையும் இறக்கையையும் வடிவமைத்திருந்தார்கள். பிரனீஸ் மலைப் பக்கம் சுற்றிவிட்டு 3 மணி 54 நிமிடம் கழித்து இறங்கியபோது, சைக்கிள் ஓட்டுவது போல எளிதாக இருந்தது என்றார் ரொசே. வயலில் நின்றவர்கள் அழுதார்கள் என்று படித்தபோது எனக்கு அது மிகையாகத் தோன்றவில்லை. அவர்களில் பலர் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் வீட்டார்.

ஆனால் எல்லோரும் கைதட்டவில்லை. ஹாம்பர்க்கில் எல்பெ ஆற்றோரம் ம்யூலன்பெர்கர் லோஹ் என்று ஒரு சேற்று நிலம் உண்டு. அலை ஏறி இறங்கும் நன்னீர்ப் பரப்பு, பறவைகள் வந்து தங்கும் இடம். தொழிற்சாலையைப் பெரிதாக்க அதில் ஒரு பகுதியைத் தூர்த்தார்கள். சூழல் ஆர்வலர்கள் வழக்குப் போட்டும் தடுக்க முடியவில்லை. பக்கத்தில் நொய்யன்ஃபெல்டே கிராமம், ஆப்பிள் தோட்டங்களின் ஊர். ஓடுபாதையை நீட்டிக்க நிலம் கேட்டபோது அங்கே சிலர் தர மறுத்தார்கள். ஊர் தேவாலயமும் மறுத்தது. தலைமுறை தலைமுறையாக மரம் வளர்த்தவர்களிடம், ஒரு விமானத்துக்காக ஒதுங்குங்கள் என்றால் அவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அந்த எதிர்ப்பை முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லெவின்யாக் மக்கள் விட்டது சில ராத்திரிகளின் தூக்கத்தை. இவர்களிடம் கேட்டது மண்ணை.

விமானத் துண்டுகள் துலூஸ் வந்து சேர்ந்த வழியே ஒரு காவியம். வேல்ஸில் செய்த இறக்கை, டீ ஆற்றில் படகேறிக் கடலுக்கு வரும். அங்கிருந்து கப்பலில் போர்தோ பக்கம். பிறகு கரோன் ஆற்றில் மறுபடியும் படகு. போர்தோ நகரில் ஆற்றுக்குக் குறுக்கே 17 வளைவுகளோடு ஒரு பழைய கல் பாலம் நிற்கிறது, நெப்போலியன் கட்டச் சொன்னது. நீர் ஏறியிருந்தால் சுமை வளைவில் இடிக்கும், வடிந்திருந்தால் படகு தரை தட்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தக் கொஞ்ச நேரத்துக்காகக் காத்திருந்து நுழைய வேண்டியிருந்தது. லாங்கோன் என்ற ஊரில் கரையேறினால், அங்கிருந்து 240 கிலோமீட்டர் சாலை. பெரும்பாலும் இரவுப் பயணம்.

விமான நிலையங்களும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. உலகின் பெரிய நிலையங்கள் இனி வரும் விமானங்களுக்கென்று ஒதுக்கிய எல்லை, 80 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம் கொண்ட ஒரு கட்டம். ஏ380-இன் இறக்கை, நுனியிலிருந்து நுனி வரை 79.8 மீட்டர். இருபது சென்டிமீட்டர் மிச்சம் வைத்து வடிவமைத்திருக்கிறார்கள். வானத்திலும் அப்படித்தான். இது கடந்து போன காற்று சுழன்றுகொண்டே இருப்பதால், பின்னால் வரும் விமானங்கள் வழக்கத்தைவிடத் தள்ளி வர வேண்டும். அதற்காகவே கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிடும்போது இதன் விமானிகள் தங்கள் அழைப்புப் பெயருக்குப் பின்னால் ‘சூப்பர்’ என்று சேர்த்துச் சொல்வார்கள்.

இவ்வளவு பேரை ஏற்றினால் ஆபத்து நேரத்தில் இறக்க முடியுமா என்பதுதான் பொதுமக்கள் கேட்ட முதல் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 2006 மார்ச் 26 அன்று ஹாம்பர்க்கில் ஒரு கொட்டகைக்குள் கிடைத்தது. 853 பேரை உட்கார வைத்தார்கள். பணியாளர்கள் 20 பேர். விளக்கை அணைத்தார்கள். 16 கதவுகளில் 8 மட்டுமே திறக்கும், எவை என்று உள்ளே இருப்பவர் யாருக்கும் தெரியாது. விதிப்படி 90 விநாடிக்குள் அத்தனை பேரும் வெளியேற வேண்டும். மேல்மாடிக் கதவிலிருந்து சறுக்கு என்பது கிட்டத்தட்ட மூன்றாவது மாடியிலிருந்து இருட்டில் குதிக்கிற மாதிரி. 78 விநாடியில் விமானம் காலி. ஒருவருக்குக் கால் முறிந்தது, 30-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறு காயம்.

அந்த வருடம்தான் பெரிய அடியும் விழுந்தது. விமானத்துக்குள் ஓடும் வயரின் மொத்த நீளம் சுமார் 530 கிலோமீட்டர். ஹாம்பர்க்கில் ஒரு மென்பொருளின் பழைய பதிப்பில் வரைந்தார்கள், துலூஸில் புதிய பதிப்பில். உடற்பகுதிகளைச் சேர்க்கும்போது வயர் எட்டவில்லை. ஜெர்மனியிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துலூஸுக்கு வந்து, மாதக்கணக்கில் கையால் வயரிழுத்தார்கள். 2006 ஜூனில் தாமதத்தை அறிவித்த மறுநாளே ஏர்பஸ்ஸின் தாய் நிறுவனத்தின் பங்கு விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. தலைமைப் பதவியில் இருந்தவர்கள் விலகினார்கள். சரக்கு விமானமாக வாங்க இருந்த ஃபெடெக்ஸும் யுபிஎஸ்ஸும் ஆர்டரை ரத்து செய்தன.

இத்தனைக்கும் பிறகு 2007 அக்டோபர் 25 அன்று முதல் பயணிகள் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் பறந்தார்கள். 455 பேர். இருக்கைகளை இணையத்தில் ஏலம் விட்டு, பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். அதிகபட்ச ஏலம் 1,00,380 டாலர். வழியெல்லாம் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்களாம் பயணிகள்.

சிங்கப்பூர் என்றதும் நம்மவர்கள் வந்துவிடுகிறார்கள். சாங்கி விமான நிலையத்தில் உணவு ஏற்றும் வண்டியில் வேலை பார்க்கும் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “கீழ் மாடிக்கு ஏத்துறது எல்லா பிளேனும் மாதிரிதாண்ணே. மேல் மாடிக்குப் பெட்டி எட்டு மீட்டர் ஒசரம் எழும்பணும். காத்து அடிச்சா ஆடும். கதவுக்குப் பக்கத்துல ஒரு சாண் எடம் விட்டு நிறுத்தணும். பின்னாடியே ரெக்கை. அதுல பட்டுச்சுன்னா என் கதை முடிஞ்சுது” என்றார். சொல்லும்போது இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியால் அந்த ஒரு சாணை அளந்து காட்டினார். பயம் தெரியவில்லை. நுணுக்கமான வேலை தெரிந்தவனின் கர்வம் தெரிந்தது.

அவர் தன் அம்மாவுக்கு அந்த விமானத்தைச் சென்னையில் காட்ட வழியில்லை. இந்தியா 2014 ஜனவரியில்தான் ஏ380-க்கு அனுமதி கொடுத்தது. ஏர் இந்தியாவின் பயணிகள் போய்விடுவார்கள் என்ற அச்சத்தில் அதுவரை கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். திறந்தபோது தில்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்று நான்கு ஊர்களைச் சொன்னார்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இத்தனை காலமாகப் பிள்ளைகளை அனுப்பிவைத்த ஊர். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

போயிங்காரர்கள் ஆரம்பம் முதலே ஒன்று சொல்லிவந்தார்கள். பெரிய நகரத்துக்குக் கூட்டிப் போய் அங்கிருந்து வேறு விமானம் மாற்றிவிடுவதை மக்கள் விரும்ப மாட்டார்கள், தன் ஊரிலிருந்து போகிற ஊருக்கு நேராகப் போகவே விரும்புவார்கள் என்று. இத்தனை பெரிய விமானம் ஆயிரத்துக்கு மேல் தேவைப்படும் என்று ஏர்பஸ் கணித்தது. சில நூறுக்கு மேல் போகாது என்றது போயிங். போயிங் சொன்னதுதான் நடந்தது. இரண்டு எஞ்சினிலேயே கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானங்கள் வந்த பிறகு, நான்கு எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்ற யாருக்கும் மனம் வரவில்லை. இதன் இறக்கையே, பின்னால் வரவிருந்த இன்னும் பெரிய விமானத்தையும் தாங்கும்படி செய்தது. அந்தப் பெரிய விமானம் வரவேயில்லை. வராத ஒன்றின் பாரத்தை இது கடைசி வரை சுமந்தது. 500 இருக்கை நிறைந்தால் லாபம்தான், பாதி காலியாகப் போனால் நட்டத்துக்கு அளவில்லை. 2019 பிப்ரவரியில், எமிரேட்ஸ் நிறுவனம் 39 விமானங்களைக் குறைத்துக்கொண்டதும், தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். மொத்தம் விற்றது 251. அதில் 123 எமிரேட்ஸ் வாங்கியவை.

கணக்குப் பார்த்தவர்கள் சரியாகவே பார்த்தார்கள். அதனால் வயலில் நின்று கைதட்டியவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்களா? நான் அப்படி நினைக்கவில்லை. 2010 நவம்பர் 4 அன்று, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் ஏ380-இன் எஞ்சின் ஒன்று பாத்தாம் தீவுக்கு மேலே வெடித்தது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன, எரிபொருள் ஒழுகியது, எச்சரிக்கைகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினியும் உடனிருந்தவர்களும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சாங்கியில் இறக்கினார்கள். 469 பேரும் நடந்து வெளியே வந்தார்கள். வயலில் நின்றவர்கள் கைதட்டியது இந்த உறுதிக்கும் சேர்த்துத்தான். சாமான்யப் பயணிகளும் இதைக் கைவிடவில்லை. இந்த விமானம் என்று தெரிந்தே டிக்கெட் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சத்தம் குறைவு, ஆட்டம் குறைவு, காலை நீட்ட இடம். ஏறும்போது சன்னல் வழியே பார்த்தால், தளர்ந்து கிடந்த இறக்கை மெல்ல மெல்ல வளைந்து மேலெழும்பி நிற்கும். தரை எப்போது விட்டது என்று தெரியாது.

2020 ஜூன் மாதம், கொரோனாவுக்காக உலகின் பெரும்பாலான ஏ380-கள் தரையில் நிறுத்தப்பட்டிருந்த நேரம். லெவின்யாக் தெரு வழியாகக் கடைசி விமானத்தின் துண்டுகள் போயின. தகவல் முன்கூட்டியே தெரிந்திருந்தது. இருட்டிய பிறகு ஊர் மொத்தமும் தெருவுக்கு வந்துவிட்டது. வெளியூர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் வண்டி பார்வைக்கு வந்ததும் கைதட்டல் எழுந்தது. வழக்கம் போல ஆள் நடக்கும் வேகம். வழக்கம் போல ஒரு முழம் இடைவெளி. ஆறாவது வண்டி கடைசி வீட்டைத் தாண்டும் வரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.