குதிகாலில்தான் கணக்கு

கையால் பின்னும் சாக்ஸ், அமைப்பில் ஒரு நூல் குழாய்தான். கணுக்காலுக்கு மேலே தொடங்கி, குதிகாலில் ஒருமுறை திரும்பி, விரல் நுனியில் மூடிக்கொள்கிறது. நேராக ஓடும் பகுதிகளை ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் பின்னிவிடலாம். திரும்பும் இடத்தில் மட்டும் கொஞ்சம் கணக்கு வேண்டும். அந்தக் கணக்குக்குப் பயந்தே ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பலர் சாக்ஸ் பக்கம் போவதில்லை.

பாலக்காட்டுச் சமவெளியில் இந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் சாக்ஸ் என்பது பள்ளிச் சீருடையோடு சரி. நெல்லியாம்பதி மலையேறினால் காற்று மாறும். மூணாறு பக்கம் போனால் ஊரே வேறு. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேயிலை எஸ்டேட்டுகள் பலவும் அதற்கும் மேலே. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் போன்ற இடங்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, விடியலில் புல்மேடு உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் ஆண்டுகள் உண்டு. கண்ணன் தேவன் மலைகளை 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்ற பிறகு இங்கே தோட்ட வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தென்தமிழ்நாட்டின் வெக்கையான ஊர்க்காரர்கள். கம்பளி, ஸ்வெட்டர், மங்கி குல்லாய் எல்லாம் குளிர் கற்றுக்கொடுத்த பழக்கம். தொழிலாளர் வாழும் லயத்து வீட்டுத் தரையில் இரவு நடமாடும் கால்கள் மட்டும் பெரும்பாலும் வெறுமனேதான் இருக்கின்றன.

மலைக்காரர்களுக்கு சாக்ஸ் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வரும். அது மழைக்காலத்தில் அட்டைக்கடியைத் தடுக்கும் அட்டை சாக்ஸ். அது பின்னியது அல்ல, தைத்தது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை பை போலத் தைத்து, மேலே நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக இறுகிக் கிடப்பதால் அட்டை நுழைய வழியில்லை. பின்னல் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் கீழே உள்ள கண்ணிக்குள் புகுந்து வெளியே வருகிறது. இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் சுருங்கும். காலின் வளைவு நெளிவோடு ஒட்டி நிற்கும் அந்தக் குணமே அட்டைக்கு வாசலும் திறந்துவிடும். ஆகவே கையால் பின்னிய கம்பளி சாக்ஸ் வீட்டுக்கும் படுக்கைக்கும் பூட்ஸுக்கு உள்ளே போடுவதற்கும்தான். கொழுந்துக் காட்டுக்கு அட்டை சாக்ஸை விட்டால் வேறு கதி இல்லை.

பாலக்காட்டிலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருப்பூரில் மலை மலையாக வெளிவரும் பனியன் துணியும் இதே கண்ணிப் பின்னல்தான். வேலையை அங்கே இயந்திரம் செய்கிறது. அந்த இயந்திரங்களின் முப்பாட்டனே சாக்ஸுக்காகப் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589இல் உருவாக்கிய சட்டகம், நீளக் காலுறை பின்னுவதற்கென்றே அமைந்தது. கைவேலை அதைவிட மிகப் பழையது. எகிப்தில் கிடைத்த, சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜோடி சிவப்பு சாக்ஸ் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது ஒற்றை ஊசியால், வேறொரு முறையில் செய்தது. செருப்பு வார் நுழையக் கட்டைவிரல் தனியாகப் பிரிந்திருக்கும். செருப்போடு சாக்ஸ் போடுவது நம் ஊர் வினோதம் என்று நினைப்பவர்கள் கவனிக்கலாம்.

இந்தியாவில் சாக்ஸ் பின்னலுக்குப் பேர்போன இடம் தெற்கே இல்லை. இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில், கேலாங்கில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தங்கிய மொராவியன் மிஷன் குடும்பங்கள் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தன. அங்குள்ள பெண்கள் அதில் தங்கள் வண்ணக் கட்டங்களைப் புகுத்தித் தனிப்பாணியாக்கினார்கள். லாகௌல் சாக்ஸுக்கும் கையுறைக்கும் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மூணாறுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. குளிரும் ஆளும் அங்கே உண்டு, ஆடுதான் இல்லை. மேச்சேரி, சென்னைச் சிவப்பு போன்ற தென்னாட்டு ஆடுகள் இறைச்சிக்கு உரியவை. உடம்பில் இருப்பது கம்பளி இல்லை, முடி. நூல் நூற்கத் தக்க மென்மயிர் தரும் தெற்கத்தி இனம் என்றால் நீலகிரி ஆடு. கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத் டவுன் இனங்கள் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவானது. ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் அரசு ஆராய்ச்சிப் பண்ணை அதைப் பேணுகிறது.

எனவே இங்கே கடையில் 'உல்லன் நூல்' என்று கேட்டால் கையில் வருவது பெரும்பாலும் லூதியானா பக்கத்து ஆலைகளின் அக்ரிலிக். விலை குறைவு, நிறம் போகாது, துவைப்பது சுலபம். குறை ஒன்றுண்டு, மலைக்கு அது பெரிய குறை. ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிய பிறகும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது. அக்ரிலிக் ஈரத்தை வாங்காது. வியர்வை தோலிலேயே தங்கிக் காலைச் சில்லிட வைக்கும். விறகடுப்புப் பக்கம் காலை நீட்டிக் குளிர் காய்பவருக்கு அது ஆபத்தும்கூட: தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தூய கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் கருகும், உருகாது. ஆனால் தூய கம்பளி மட்டும் என்றால் குதிகால் சீக்கிரம் தேயும். முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த நூல் கிடைத்தால் சாக்ஸுக்கு அதைவிடத் தோதானது இல்லை. பெரியவர் ஒருவருக்கு நடுத்தரத் தடிமனில் 100 கிராம் போதும்.

ஊசி சாதாரண ஸ்வெட்டர் ஊசி அல்ல. இரண்டு பக்கமும் முனையுள்ள ஐந்து ஊசிகள் கொண்ட கட்டு வேண்டும். நான்கில் கண்ணிகள் சதுரமாக நிற்கும், ஐந்தாவது பின்னும். நம் கடைகளில் ஊசிக்கு இன்னும் பழைய ஆங்கிலேய எண்ணே புழங்குகிறது. எண் கூடக் கூட ஊசி மெலியும். 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். நடுத்தர நூலுக்கு அது சரி.

பின்னத் தொடங்குமுன் கால் வேண்டும், நினைவிலுள்ள கால் போதாது. பாதத்தின் அகலமான இடத்தைச் சுற்றி டேப்பால் அளக்க வேண்டும். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை நீளமும் வேண்டும். அடுத்து, அதே நூலிலும் ஊசியிலும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். அவசரக்காரர்கள் இதைத் தாண்டிவிடுவார்கள், பிறகு அப்பாவுக்குப் பின்னியது தம்பிக்குப் போகும். சுற்றளவு 9 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சாக்ஸ் காலைவிடச் சிறியதாக இருந்தால்தான் வழியாமல் நிற்கும். பத்தில் ஒரு பங்கு கழித்தால் 8 அங்குலத்துக்குச் சற்று மேல். அங்குலத்துக்கு 6 கண்ணி என்றால் 48. நான்கால் வகுபடும் எண்ணாக அமைவது எல்லா வகையிலும் வசதி.

48 கண்ணியைத் தளர்வாக ஏற்ற வேண்டும். இறுக்கி ஏற்றினால் குதிகால் உள்ளே நுழையாது. ஊசிக்கு 12 என நான்கில் பிரித்து, முறுக்கு விழாமல் பார்த்து வட்டமாக இணைக்க வேண்டும். முதல் ஒன்றரை அங்குலம் இரண்டு நிட் (நேர்ப் பின்னல்), இரண்டு பர்ல் (மறுபுறப் பின்னல்) என்று மாறி மாறிப் போகும். இது இழுத்தால் நீளும் விளிம்பு. ரப்பர் வேலையை இதுவே செய்யும். அதன்பின் ஐந்து அங்குலம் வெறும் நிட். வட்டமாகப் பின்னும்போது வெளிப்பக்கமே எப்போதும் எதிரில் இருப்பதால் இங்கே பர்லுக்கு வேலையே இல்லை. பேசிக்கொண்டே பின்னக்கூடிய பகுதி இது.

குதிகாலுக்கு வந்ததும் பேச்சு நிற்கும். 48இல் பாதியான 24 கண்ணியை மட்டும் எடுத்து, மற்ற 24ஐ அப்படியே நிறுத்திவிட்டு, முன்னும் பின்னுமாக 24 வரி பின்ன வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்தினால் ஓரத்தில் பக்கத்துக்கு 12 சங்கிலிக் கண்ணி வரிசையாகத் தெரியும். அவை பிறகு வேண்டும். வெளிப்பக்க வரிகளில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியை நகர்த்திக்கொண்டே போனால் அந்த இடம் இரட்டைத் தடிமனாகும். தேய்வது அங்கேதான் என்பதால் அது வீண் வேலை அல்ல.

இப்போது கையில் இருப்பது ஒரு தட்டையான மடல். அதைக் குதிகாலுக்கு ஏற்ற கிண்ணமாக்கும் வித்தை, வரியை முடிக்காமல் பாதியில் திரும்புவதில் இருக்கிறது. 14 கண்ணி பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாக்கி, மேலும் ஒன்று பின்னித் திரும்ப வேண்டும். ஓரத்தில் 7 கண்ணி தொடாமல் மிஞ்சும். வரும் வழியில் ஒன்றை நகர்த்தி, 5 பர்ல், இரண்டை ஒன்றாக்கி, ஒரு பர்ல், மீண்டும் திரும்பல். இந்தப் பக்கமும் 7 மிஞ்சும். அடுத்தடுத்த வரிகளில் நடுப்பகுதி ஒவ்வொரு கண்ணியாக நீளும். திரும்பிய இடத்தில் தெரியும் இடைவெளியின் இரு பக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்து ஒன்றாக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசி இரு வரிகளில் ஒன்றாக்கிய பிறகு பின்ன ஓரத்தில் கண்ணி இருக்காது, அப்படியே திரும்ப வேண்டியதுதான். பத்து வரியில் இரு ஓரமும் தீர்ந்து 24 கண்ணி 14 ஆகியிருக்கும். நடுவில் வரிகள் அதிகம், ஓரத்தில் குறைவு; அதனால் துணி தானாகக் குழிந்து நிற்கிறது. ஏன் என்று புரியாமல் எழுத்தில் உள்ளபடி பின்னிப் போனாலும் கடைசி வரியில் குதிகால் கண்முன் உருவாகிவிடும். முதல்முறை பின்னுபவருக்கு அந்த வழியே நல்லது.

மீதி நேர்வழி. மடலின் இரு ஓரத்துச் சங்கிலியிலிருந்தும் 12, 12 கண்ணி எடுத்தால் 14ம் சேர்ந்து 38. நிறுத்தி வைத்த 24ஐக் கூட்டினால் 62. ஒரு சுற்றுவிட்டு ஒரு சுற்றில், பாதத்தின் மேல்பகுதி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒவ்வொரு கண்ணி குறைத்தால், ஏழு முறையில் மறுபடி 48. பாத நீளத்துக்கு 2 அங்குலம் குறைவு வரும்வரை சும்மா சுற்றிப் போகலாம். பிறகு விரல்பகுதி. இரு பக்கமும் இரண்டிரண்டாக, சுற்றுக்கு 4 கண்ணி, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் குறைத்து 24க்கு வர வேண்டும். அதன்பின் எல்லாச் சுற்றிலும் குறைத்து 12.

அந்தப் பன்னிரண்டையும் நூலில் கோத்துச் சுருக்குப்பை போல இழுத்து முடிச்சிடுவது எளிய வழி. ஆனால் பூட்ஸுக்குள் அந்தச் சுருக்கம் விரலை உறுத்தும். ஆறும் ஆறுமாக எதிரெதிரே வைத்து, ஒரு கண்ணி வரிசையைத் தையல் ஊசியாலேயே போலச்செய்து தைத்தால் மூட்டு தெரியாது. இந்தத் தையலுக்குக் கிச்சனர் தையல் என்றும் பெயர். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்து, முதல் உலகப்போரில் பிரிட்டனின் போர் அமைச்சரான அதே கிச்சனர். படைவீரர்களின் விரல் புண்ணாகாமல் இருக்க அவரே இதை வகுத்தார் என்று கதை சொல்வார்கள். தளபதி ஊசி பிடித்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

வளரும் பிள்ளைக்கு என்றால் குதிகாலே வேண்டாம். இரண்டு நிட், இரண்டு பர்ல் வரிசையைச் சில சுற்றுக்கு ஒருமுறை ஒரு கண்ணி தள்ளிக்கொண்டே போனால் துணி திருகு போல ஓடும். அந்தக் குழாய் எந்தக் குதிகாலுக்கும் தானாக வளைந்து கொடுக்கும். போடும்போதெல்லாம் வேறு இடம் தேய்வதால் ஓட்டையும் தாமதமாகவே விழும். பார்வைக்குச் சுமார்தான், ஆனால் கால் ஓர் அங்குலம் வளர்ந்தாலும் சமாளிக்கும்.

பணக்கணக்குப் பார்த்தால் கைச்சாக்ஸ் தோற்றுவிடும். நூல் விலையிலேயே கடையில் ஒன்றிரண்டு ஜோடி கிடைக்கும், கூலி தனி. ஒரு கால் பெரிதாக, ஒரு கால் சிறிதாக உள்ளவருக்கும், வீங்கிய பாதத்தோடு ரப்பர் பட்டை தாங்காத பாட்டிக்கும் அளவெடுத்துத் தருவது மட்டும் கடையால் ஆகாது. வீங்கிய பாதத்துக்கு விளிம்பை நான்கு கண்ணி கூட்டித் தளர்வாக ஏற்றி, கணுக்காலுக்கு வரும்முன் அவற்றைக் குறைத்துவிட்டால் போதும். இன்னொரு தொல்லையும் உண்டு. முதல் சாக்ஸ் முடிந்த மகிழ்ச்சியில் இரண்டாவது கிடப்பில் விழும். குதிகால் மடல் வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பின்னுவோர் இதிலிருந்து தப்புகிறார்கள்.

துவைப்பதற்குக் குளிர்ந்த தண்ணீரும் மென்மையான சோப்பும். வெந்நீரில் கசக்கினால் தூய கம்பளி சுருங்கித் தடித்துப் பொம்மைக் கால் அளவாகும், பிறகு நீளாது. பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பி உலர்த்த வேண்டும். ஆடி மாதத்து மூணாறில் இதற்கு இரண்டு மூன்று நாள்கூட ஆகும். மிச்ச நூலை எறியக் கூடாது. குதிகாலில் துணி மெலிந்து அடியில் தோல் தெரியத் தொடங்கியதும், ஓட்டையாகும்வரை காத்திராமல், உள்ளே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, முதலில் நெடுக்கே பாவு போல இழைகளை ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக ஊடை கோத்தால் அந்த இடம் இன்னும் ஒரு குளிர்காலம் தாங்கும்.